ஒன்பதாம் மாதத்தில் பேசியவள்

ஞானசௌந்தரிக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தது மாடி வீட்டுப் புஷ்பாவின் மகள்தான். அந்தக் குழந்தைக்கோ நாலு வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேச வரவில்லை. எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் தரையில் சுழல விட்டு, அது தள்ளாடி விழுகிற வரைக்கும் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னவர்கள் உண்டு, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னவர்கள் உண்டு. புஷ்பா எல்லாவற்றையும் செய்து பார்த்து ஓய்ந்துபோய், கடைசியில் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் வீட்டுக்குள்கூடப் போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

“ஆட்டிசமாம் சௌந்தரி. மருந்து கிடையாதாம். பொறக்கும்போதே அப்படித்தானாம். நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையாம், அதை மட்டும் டாக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னாரு.”

வேறு ஒரு பெண்ணாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்திருப்பாள். சௌந்தரி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

“டாக்டர் என்ன கேட்டாரு?”

“கேள்வி எல்லாம் என்கிட்டதான். எப்ப பேசுச்சு, பேர் சொன்னா திரும்புதா, மூஞ்சியைப் பாக்குதா, மத்த பிள்ளைங்களோட சேருதா, சாப்பாட்டுல பிடிவாதமா, சத்தம்னா பயமான்னு. அம்மா சொல்றதை வச்சுதான் அவங்க கண்டுபிடிக்கணுமாம்.”

“இன்னொரு தடவை சொல்லுங்கக்கா. வரிசையா.”

புஷ்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வருகிறதா பார், கேள்வித்தாள் கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள். ஆனால் சௌந்தரி அந்தக் கேள்விகளைத் தன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் எங்கே கண்டாள்? மாடியிலிருந்து அந்த மூடி சுழலும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் படுத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கும் சௌந்தரிக்கு. அந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மெட்ராஸைச் சென்னை ஆக்கி ஒரு வருஷம் ஆகியும் யார் வாயிலும் புதுப்பெயர் உட்காராத காலம். பி.காம். முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலைக்குப் போனாள். வேலையில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான். எஸ்டேட்டுப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால் அது அப்புறம் ஒருத்திக்குச் சொந்தமில்லை. இவள் பொரியலில் அவள் கை, அவள் குழம்பில் இவள் கை. அங்கே சிநேகிதம் என்றால் அதுதான். சௌந்தரியால் அது மட்டும் முடியவில்லை. தயிர்சாதத்தில் இன்னொருத்தியின் குழம்பு ஒரு சொட்டு விழுந்துவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூடியைப் போட்டு மூடிக்கொண்டு நகர்ந்து உட்காருவாள்.

பக்ரீத்துக்கு மறுநாள் கூட வேலை பார்த்த ஜமீலா, தன் பாக்ஸிலிருந்து ஒரு கவளம் பிரியாணியை எடுத்து ஆசையாக அவள் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள். சௌந்தரி நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தாள்.

“இன்னா, நான் தொட்டா ஆவாதா? வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ” என்று ஜமீலா எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

அந்தக் கம்பெனியிலேயே சௌந்தரிக்குப் பிடித்த ஒரே ஆள் ஜமீலாதான். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றபடி சாப்பிட்டாள். ‘மகாராணி’ என்று பட்டம் கட்டினார்கள். ஆயுத பூஜையன்று வாசலில் சரவெடி கொளுத்தியபோது மகாராணி மேஜைக்கடியில் புகுந்து அலறினாள். அதற்கப்புறம் அவள் வேலைக்குப் போகவில்லை, அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

அந்தக் கதை எஸ்டேட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. திமிர் என்றார்கள் சிலர். செல்லம் கொடுத்துக் கெடுத்த ஒற்றைப் பிள்ளை என்றார்கள் சிலர். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவளை நடுவில் உட்கார வைத்து, தலைமேல் கைகளை வைத்து அழுத்தி, “வெளியே போ, வெளியே போ” என்று கத்தினார்கள். யாரைப் போகச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. உள்ளே அவளைத் தவிர வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அத்தனை கைகளின் வியர்வையும் தலைமுடியில் ஈரமாக இறங்க, சத்தம் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடங்கிவிட்டது என்று ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அவளுக்கு மருந்து வேண்டாம், ஜெபம் வேண்டாம். தனக்கு என்ன என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டும். ஒரு பெயர் இருந்தால் ஜமீலாவிடம் போய், “உன் கையால இல்ல, எனக்கு இப்படி ஒண்ணு இருக்கு” என்று சொல்லிவிடலாம். இருபத்து மூன்று வருஷமாகப் பதில் சொல்ல முடியாமல் நின்ற இடங்களுக்கெல்லாம் திரும்பிப் போய்ப் பதில் சொல்லலாம். அந்த ஒன்றுதான் வேண்டும். ஆனால் அதற்கு அம்மா வர வேண்டும். அம்மா சொல்வதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று புஷ்பா சொல்லியிருந்தாளே.

“ஆஸ்பத்திரிக்குப் போணும்மா. நீயும் வரணும். என்னைப் பத்தி டாக்டர் உன்கிட்டதான் கேப்பாரு” என்றாள் ஒரு நாள்.

சண்டை வரும் என்று பயந்துகொண்டிருந்தாள். அம்மா ஆரோக்கியம்மாளோ அரிசி களைந்த கையைக்கூடத் துடைக்காமல், “போலாமே கண்ணு, நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்றாள்.

ஆரோக்கியம்மாள் ஏன் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டினாள் என்பது வேறு கதை. குமணன்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாஸ்கல் என்கிற பையனின் ஜாதகத்தை, அதாவது ஞானஸ்நானச் சீட்டை, கோயில் உபதேசியார் கொண்டுவந்திருந்தார். நல்ல குடும்பம், குடிப்பழக்கம் இல்லை. ஆனால் பாஸ்கல் வீட்டாருக்கும் காது இருந்தது. “பொண்ணு ஒரு மாதிரின்னு எஸ்டேட்டுப் பக்கம் பேசிக்கிறாங்களே, டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்று உபதேசியார் மூலம் கேட்டனுப்பினார்கள். பெரிய டாக்டர் ஒருவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால் ஊர் வாயை அடைத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் மகளே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். மாதாவே வழிகாட்டினாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆக, ஒருத்திக்கு உண்டு என்று சொல்ல வேண்டும், இன்னொருத்திக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே ரயிலில் ஏறி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போனார்கள். ஒருத்தி மனசில் இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆவடி ஸ்டேஷனிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

ஆரோக்கியம்மாளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மூன்று வருஷமாக மகளுக்கு அவள் நடத்திவந்தது ஒரு தனிப் பள்ளிக்கூடம். முதல் தடவை பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய், ஆசையாகச் சௌந்தரியின் கன்னத்தைத் தடவினாள். சௌந்தரி காப்பித் தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிப்போனாள். காப்பிக் கறை படிந்த பட்டுப்புடவையோடு அந்த அம்மாள் எழுந்து போனதை ஆரோக்கியம்மாள் சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒத்திகை. ஆரோக்கியம்மாள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு மாமியாராக உட்காருவாள். சௌந்தரி தட்டோடு வர வேண்டும்.

“நிமிரு. ஒரு தபா பாரு. கண்ணப் பாக்க முடியலன்னா ரெண்டு புருவத்துக்கு நடுவுல பாரு, அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது? பாத்தியா, இப்ப சிரி. போதும், பல்லு தெரியக்கூடாது. குனிஞ்சிக்கோ. எப்படிம்மா கீறேன்னு கேட்டா இன்னா சொல்லணும்?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“இன்னும் கொஞ்சம் மெதுவா.”

அலுத்துப்போகிற அளவுக்குச் செய்து செய்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சௌந்தரியின் முகம் அதை அச்சுப் பிசகாமல் செய்துவிடும் என்கிற நிலைமைக்கு வந்திருந்தது.

ஆஸ்பத்திரி நாளன்றும் ஆரோக்கியம்மாள் மகளுக்குப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டாள். தலைகொள்ளாமல் மல்லிகைப்பூ. ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பட்டு என்று சௌந்தரி கேட்டதற்கு, பெரிய டாக்டர், மரியாதையாகப் போக வேண்டாமா என்றாள். ஜரிகை கழுத்தைப் பிறாண்டியது. பூவின் மணம் மண்டைக்குள் போய்க் குத்தியது. இந்த ஒரு நாள்தானே என்று பொறுத்துக்கொண்டாள் சௌந்தரி.

டாக்டர் பார்த்தசாரதி கெட்டவர் இல்லை. அறைக்கு வெளியே பெஞ்சு கொள்ளாத கூட்டம், தலைக்குமேல் கடகடவென்று ஒரு ஃபேன், மேஜையில் ஆறிப்போன டீ. அவ்வளவுக்கு நடுவிலும் மனுஷன் முகம் கொடுத்துத்தான் பேசினார்.

“சொல்லும்மா, என்ன?”

சௌந்தரி மேஜை விளிம்பைப் பார்த்தபடி, ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். “எனக்கு ஆட்டிசம் இருக்கான்னு தெரியணும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “யாரு சொன்னா இந்த வார்த்தையை? அது குழந்தைங்களுக்கு வர்றதும்மா.”

“அந்தக் குழந்தைங்க எல்லாம் வளர மாட்டாங்களா டாக்டர்?”

பார்த்தசாரதி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், கேலிச் சிரிப்பு இல்லை. “நியாயமான கேள்விதான்” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சௌந்தரிக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. கதவு திறந்துவிட்டது. இனி அம்மா உள்ளதைச் சொன்னால் போதும்.

“அம்மா, நீங்க சொல்லுங்க. சின்ன வயசுல எப்படி இருந்தாங்க? எப்ப பேச ஆரம்பிச்சாங்க?”

ஆரோக்கியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வாயிலிருந்த குவார்ட்டர்ஸ் பேச்சு எங்கே போனதோ, கோயிலில் வாசகம் படிக்கிற சுத்தத் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஒன்பதாம் மாசமே பேசிட்டா டாக்டர். முதல் வார்த்தையே அம்மாதான்.”

சௌந்தரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்களா?”

“கூப்பிடவே வேண்டாம் டாக்டர், காலடியிலேயே சுத்தி வருவா.”

“மத்த பிள்ளைங்களோட?”

“இவ இல்லன்னா எங்க குவார்ட்டர்ஸ் பிள்ளைங்களுக்கு விளையாட்டே கிடையாது. எல்லார்கிட்டயும் ஒட்டிக்குவா. அடக்கமான பொண்ணு, எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. என்ன குடுத்தாலும் முகம் சுளிக்காம சாப்பிடுவா. சமையல் தெரியும், தையல் தெரியும், கோயில்ல பாட்டுப் பாடுவா…”

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எத்தனை பவுன் போடுவோம் என்பதையும் சொல்லியிருப்பாள். இருபத்து மூன்று வருஷத்தில் தன் மகளைப் பற்றி ஆரோக்கியம்மாளிடம் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை வீட்டார்தான். கேள்வி என்று காதில் விழுந்ததும் அவளுக்கு வேறு பதில் வரவில்லை.

“அதெல்லாம் இல்ல டாக்டர். அம்மா சொல்றது எதுவும் நிஜம் இல்ல” என்றாள் சௌந்தரி.

“விளையாட்டுக்குச் சொல்றா” என்று சிரித்துக்கொண்டே ஆரோக்கியம்மாள் மேஜைக்குக் கீழே மகளின் தொடையைக் கிள்ளினாள்.

“ரெண்டு வயசுல நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “ஞாபகம் இல்ல” என்றாள்.

“சரி, அதை விடு. இப்ப உனக்கு என்ன கஷ்டம்? என்னைப் பார்த்து, நீயே சொல்லு.”

சொல்ல எவ்வளவோ இருந்தது. ஜமீலாவின் கை இருந்தது, சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது, தலையில் வழிந்த வியர்வை இருந்தது. ஆனால் ஃபேனின் கடகடப்பு தலைக்குள் இறங்கி எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. ஃபினாயில் நெடியும் மல்லிகையும் ஜரிகையும் ஒன்றாகச் சேர்ந்து நெருக்கின. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரில் நாற்காலியில் ஒரு பெரிய மனுஷர், என்னைப் பார் என்கிறார். சௌந்தரியின் முகம் நிமிர்ந்தது. அவருடைய புருவங்களுக்கு நடுவில் பார்த்தது. பல் தெரியாமல் ஒரு சிரிப்பு வந்தது. வாய் தானாகச் சொன்னது:

“நல்லாத்தான் இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் அவள் காதிலும் விழுந்தது. ஐயோ என்று உள்ளுக்குள் கத்தினாள். முகமோ குனிந்துகொண்டு, பாடத்தின் மிச்சத்தையும் செய்து முடித்தது.

பார்த்தசாரதி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “பாத்தியா, எவ்வளவு அழகா முகம் பார்த்துச் சிரிச்சுப் பேசுறே! அந்தப் பிள்ளைங்களால இது முடியாதும்மா. புத்தகத்துலயோ பத்திரிகையிலயோ எதையாவது படிச்சுட்டுப் பயந்துக்கக் கூடாது. கூச்ச சுபாவம். வேற எதோ மனக்கவலை. ஒண்ணும் இல்ல உனக்கு.” தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிவிட்டு ஆரோக்கியம்மாள் பக்கம் திரும்பினார். “கல்யாணம் ஆகி நாலு பேரோட பழகினா எல்லாம் சரியாயிடும்மா.”

ஆரோக்கியம்மாள் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது. வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும் ரயிலில் கூட்டம் இல்லை. ஆரோக்கியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து மகள் பக்கம் நீட்டினாள். சௌந்தரி தொடவில்லை. பேசின் பிரிட்ஜ் போனது, பெரம்பூர் போனது. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் ஒரு மரத்த தன்மைதான் இருந்தது. வில்லிவாக்கம் தாண்டும்போது கேட்டாள்.

“நான் நிஜமா எப்ப பேசுனேன்?”

ஆரோக்கியம்மாளின் கை பொட்டலத்துக்குள் நின்றது.

“எதுக்குடி இப்ப?”

“எப்பம்மா?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பெட்டியில் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத தைரியமோ, நினைத்தது நடந்துவிட்ட நிம்மதியோ, ஆரோக்கியம்மாள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

“நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல நீ. உங்க நைனா ஊமைன்னே முடிவு கட்டிட்டாரு. அப்பால ஒரு நாளு கரண்டு போச்சு. ‘ஃபேன் நின்னுடுச்சு’ன்ன. முழுசா, தெளிவா. அதான் உன் மொத பேச்சு. அம்மா இல்ல, நைனா இல்ல. ஃபேனு.”

“பேர் சொன்னா?”

“திரும்ப மாட்ட. காது கேக்கலியோன்னு பின்னாடி நின்னுகினு தட்டுல கரண்டிய அடிச்சேன். அதுக்கு ஊட்டுக் கூரையே இடியற மாதிரி அலறுன. தூக்குனா கட்டை கணக்கா வெறைச்சிப்ப. பால் குடிக்கறப்பகூட என் மூஞ்சியப் பாக்க மாட்ட, என் தோடு மினுக்கறதப் பாத்துகினு இருப்ப. பசங்க ஆடக் கூப்ட்டா சுவரு பக்கம் திரும்பிக்குவ. ஊட்ல இருக்கற செருப்ப எல்லாம் வரிசையா அடுக்குவ. எவனாச்சும் ஒண்ணக் கலைச்சா சுவத்துல போயி மண்டைய மோதிக்குவ. இந்தா” என்று மகளின் நெற்றி ஓரத்து முடியை ஒதுக்கி, பழைய தழும்பு ஒன்றைத் தொடாமல் காட்டினாள். “படியில உழுந்த காயம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிக்கீறேன். தயிர் சோறு தவுத்து வேற ஒண்ணும் உன் தொண்டையில எறங்கல. எத்தினி வருசம்…”

புஷ்பா சொன்ன கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. ஒன்று பாக்கியில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு ஒருவர் காத்திருந்தபோது வராத பதில்கள், கொரட்டூருக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவில், முறுக்கு விற்பவன் கூவிக்கொண்டு போக, கேட்க ஆளில்லாமல் கொட்டின.

“இதை ஏம்மா அங்க சொல்லல?” சௌந்தரியின் குரல் உடைந்தது. “இதைத்தாம்மா அவர் கேட்டாரு.”

“எப்படிடி சொல்லுவேன்?” ஆரோக்கியம்மாள் திரும்பினாள். அவள் முகத்தில் அவ்வளவு நேரம் இருந்த வெளிச்சம் அணைந்துபோயிருந்தது. “பெத்தவளையே ஏறெடுத்துப் பாக்காத புள்ளன்னு ஒரு அந்நிய ஆம்பளகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? நீ இன்னாத்தடி பண்ண அந்தக் கொழந்தைய, உன் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குதேன்னு என்னத்தான கேப்பாங்க? நீ பொறந்ததும் எனக்குக் காமாலை. ஒரு மாசம் உன்னத் தொடக்கூடாதுன்னு தனியா வச்சிட்டாங்க. அதுலதான் ஒட்டாமப் போயிட்ட. நான் பண்ண பாவம்தான்னு பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லிட்டேன். சாமியார் கேட்டுக்கினு சும்மா இருந்தாரு.”

“நீ ஒண்ணும் பண்ணலம்மா. புஷ்பா அக்காகிட்ட டாக்டர் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாராம். நீ உள்ளதைச் சொல்லியிருந்தா உன்கிட்டயும் சொல்லியிருப்பாரு.”

ஆரோக்கியம்மாள் அவளையே பார்த்தாள். உதடு எதையோ கேட்க வந்தது போல் அசைந்தது. பிறகு தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டாள்.

“அம்பத்தூர்ல எறங்கித் திரும்பிப் போலாம்மா” என்றாள் சௌந்தரி.

“இந்நேரத்துக்கு யாரு உக்காந்துனு இருப்பா?”

“அப்ப அடுத்த வாரம்.”

“வர்ற ஞாயித்துக்கெழம அவங்க வர்றாங்க. அதான் அவ்ளோ பெரிய டாக்டரே ஒண்ணும் இல்லைன்ட்டாரே. பழசக் கிளறாத. சின்னப் புள்ளைங்க ஒண்ணொண்ணும் ஒரு மாதிரிதான் இருக்கும்.”

ஆரோக்கியம்மாள் சொன்ன பொய்யை டாக்டர் திருப்பிச் சொன்னார். இப்போது அதையே சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். அவளுக்கு அது பொய் என்பதே மறந்துகொண்டிருந்தது. திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் முகத்தில் பழைய வெளிச்சம் பாதி திரும்பிவிட்டது. சௌந்தரி கீழே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அப்பா ராயப்பன் ஷிஃப்ட் முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் காத்திருந்தார். மகளைக் கை நீட்டி அடித்ததில்லை, அதட்டியதுகூட அபூர்வம். ஜெபக்கூட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னதும் அவர் ஒருத்தர்தான்.

“இன்னா சொன்னாரு டாக்டரு?”

“ஒண்ணுமே இல்லையாம்!” செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரோக்கியம்மாள் சொன்னாள். “அவ்ளோ கேள்வி கேட்டுட்டு, நல்லாக் கீற பொண்ண எதுக்கு இட்டுகினு வந்தேன்னு என்னத் திட்டாத கொறை.”

ராயப்பன் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். “சேசுவுக்குத் தோத்திரம்” என்றார். டம்ளரில் இருந்த டீயை ஒரு வாய் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிப்போனதைச் சௌந்தரி பார்த்தாள். முகங்களைப் படிக்கத் தெரியாதவளுக்கும் அது தெரிந்தது.

“ஒண்ணும் இல்லியா?” என்று டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப எங்கண்ணன் சாவுல, அவ்ளோ சனம் முன்னாடி, காதப் பொத்திகினு பேண்டு வாத்தியத்த நிறுத்துங்கன்னு கத்துனியே? பெட்டிய மூடறதுக்குள்ள, எப்ப ஊட்டுக்குப் போலாம்னு கேட்டியே? எங்கண்ணி இன்னிவரைக்கும் நம்ம ஊட்டுப் படி மெறிக்கல.”

டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“எதோ நோவு, அதான் இப்படிப் பண்றான்னு நெனச்சி மனசத் தேத்திகினு இருந்தேம்மா. நோவு இல்லைன்னா… எல்லாம் வேணும்னேதான் பண்ணியா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

“இல்ல நைனா.”

“பின்ன இன்னாத்துக்கு?”

சௌந்தரி அம்மாவைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் அத்தனையையும் சொன்னவள். ஆரோக்கியம்மாள் புடவைத் தலைப்பின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் கண் ஒரு கணம் மகளின் நெற்றி ஓரத்துக்குப் போய்விட்டுக் கீழே இறங்கியது.

“வுடுங்க” என்றாள் புருஷனிடம். “சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. இனிமே பண்ண மாட்டா.” பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “சொல்லுடி நைனாகிட்ட. வாயத் தொறந்து சொல்லு.”

ராயப்பன் காத்திருந்தார்.

“இனிமே பண்ண மாட்டேன் நைனா” என்றாள் சௌந்தரி. எப்படிப் பண்ணாமல் இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.